டெட் பிக்சல்: ஒரு சொல் போதாது, ரெண்டு வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

திரையில படத்தைக் காட்டுற சின்னப் புள்ளிகள்ல (பிக்சல்) கெட்டுப்போனதை டெட் பிக்சல்னு சொல்றோமே, அதுக்குத் தமிழ்ச் சொல் தேடுற இந்த இழையில இதுவரைக்கும் வந்த சொற்கள் இறந்த பிக்சல், செயலிழந்த படப்புள்ளி, கரும்புள்ளி, பட்டபுள்ளி. நாலையும் படிச்சேன். நாலுலயும் எனக்கு இருக்கிற குறை ஒண்ணுதான், புள்ளி எரியாமலே போறது, அணையாமலே எரியறதுன்னு திரையில நடக்கிற ரெண்டு வேற வேற பழுதை ஒரே பேர்ல அடைக்கப் பாக்குறோம். பேச்சுக்கு அது போதும், ஆனா லேப்டாப் வாங்கினவன் வாரண்டி பேப்பரை எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் நிக்கும்போது போதாது, ஏன்னா அந்தப் பேப்பர்ல கம்பெனிக்காரன் ரெண்டுக்கும் தனித்தனி கணக்கு போட்டு வச்சிருக்கான்.

முதல்ல புள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம். ஒரு படப்புள்ளிங்கிறது பக்கத்துப் பக்கத்துல நிக்கிற சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு சின்னக் கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு உட்புள்ளி. 1920க்கு 1080 திரைன்னா 20,73,600 புள்ளி, அதை மூணால பெருக்கினா 62,20,800 உட்புள்ளி, ஒவ்வொரு உட்புள்ளிக்கும் பின்னாடி கண்ணாடி மேல படிய வச்ச ஒரு மெல்லிய டிரான்சிஸ்டர், அதாவது அந்த உட்புள்ளிக்கான சுவிட்ச். இத்தனை லட்சத்துல ஒண்ணு ரெண்டு தூசி பட்டோ, படலம் சரியா படியாமலோ கெட்டுப்போறது நடக்கத்தான் செய்யும், அப்படி வர்ற ஒவ்வொரு பேனலையும் (திரைப் பலகையையும்) கழிச்சுக்கட்டினா விலை ஏறும்கிறது கம்பெனிக்காரங்க சொல்ற காரணம்.

இப்ப ஒரு பச்சை உட்புள்ளி மட்டும் ஒளி விடாம நின்னுடுச்சுன்னு வைங்க. வெள்ளைப் பக்கத்துல பாத்தா அந்த இடம் கருப்பா தெரியாது, சிவப்பும் நீலமும் மட்டும் சேர்ந்து ரோஸ் கலர்ல ஒரு பொட்டு மாதிரி தெரியும். திரை முழுக்க கருப்பாக்கினா ஒண்ணுமே தெரியாது. முழுக்க பச்சையாக்கினாதான் கருப்பா ஒரு ஓட்டை தெரியும். இதுக்கு நேர் எதிரா ஒரு சிவப்பு உட்புள்ளி எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா வெள்ளையில அது காணாமப் போயிடும், கருப்புல பளிச்சுனு செவப்பா குத்தும், ராத்திரி லைட்டை அணைச்சுட்டுப் படம் பாக்குறவங்களுக்கு அந்த எரிச்சல் புரியும். ஃபோன் கேமரால மேக்ரோ வச்சு கிட்டப் போய்ப் பாத்தா மூணு கோட்டுல எது நிக்குது எது எரியுதுன்னு தனியா பிரிச்சே பாக்கலாம். இதுல எதை நாம "இறந்த"ன்னு சொல்லப்போறோம்? எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதை இறந்ததுன்னு எப்படிச் சொல்றது?

காரணத்தை வச்சுப் பேர் வைக்கலாமேன்னு சிலர் சொல்லியிருந்தீங்க. அதுவும் சரிப்படாது. எல்சிடி திரையில டிஎன், ஐபிஎஸ்னு ரெண்டு வகை உண்டு. டிஎன் வகைப் பேனல்ல மின்சாரம் போகாத உட்புள்ளி வெளிச்சத்தை விட்டுடும், ஐபிஎஸ் வகையில மின்சாரம் போகலன்னா வெளிச்சத்தை அடைச்சுடும், அதனால டிரான்சிஸ்டர் வேலை செய்யலங்கிற ஒரே பழுது ஒரு பேனல்ல பளிச்சுனும் இன்னொண்ணுல இருட்டாவும் தெரியும். வாங்கினவனுக்குக் கண்ணுல படுறதுதான் கணக்கு, டிரான்சிஸ்டரை அவன் எங்க போய்ப் பாப்பான். ஸ்டாண்டர்டும் கண்ணுக்குத் தெரியறதை வச்சுதான் எண்ணுது. 2001ல வந்த ஐஎஸ்ஓ 13406-2ங்கிற சர்வதேசத் தர விதி பழுதை மூணு வகையா பிரிச்சது: முழுப்புள்ளி எப்பவும் எரியறது, முழுப்புள்ளி எப்பவும் இருட்டா இருக்கிறது, உட்புள்ளில வர்ற பழுது. எத்தனை பழுது வரைக்கும் இருக்கலாம்கிறதை வச்சுப் பேனலை வகுப்பா பிரிக்கிறாங்க, ரெண்டாம் வகுப்புப் பேனல்னா பத்து லட்சம் புள்ளிக்கு முதல் வகையில 2, அடுத்ததுல 2, உட்புள்ளில 5 வரைக்கும் இருக்கலாம். மேல சொன்ன 20 லட்சம் புள்ளித் திரைக்கு அதை அப்படியே ரெண்டு மடங்காக்கிக்கங்க, காசு குடுத்து வாங்கின புதுத் திரையில இத்தனை இருந்தாலும் "ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டது"தான். 2008ல இதுக்குப் பதிலா ஐஎஸ்ஓ 9241-307 வந்தது, அதுல பழுதே இல்லாத பூஜ்ய வகுப்பும் உண்டு, ஆனா எந்த வகுப்புப் பேனல் போடுறதுன்னு முடிவு பண்றது தயாரிக்கிறவன்தான்.

கம்பெனி விதிகளைப் பாத்தா இந்த வேறுபாடு இன்னும் தெளிவா தெரியும். டெல் அல்ட்ராஷார்ப் மானிட்டருக்கு பிரீமியம் பேனல் எக்ஸ்சேஞ்சுன்னு ஒண்ணு இருக்கு, வாரண்டிக்குள்ள எப்பவும் எரியற புள்ளி ஒரே ஒண்ணு இருந்தாலும் மாத்தித் தருவாங்க. ஆனா இருட்டுப் புள்ளிக்கு அந்தச் சலுகை இல்ல. ஒரே மானிட்டர், ஒரே வாரண்டி, ஒண்ணுக்கு மாத்துவான் இன்னொண்ணுக்கு மாத்த மாட்டான். நாம ரெண்டையும் "இறந்த பிக்சல்"னு எழுதிக் குடுத்தா படிக்கிறவன் தனக்கு வசதியான பக்கம்தானே எடுத்துக்குவான்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு லேப்டாப்புல இதே மாதிரிதான் ஆச்சு, எப்பவும் பச்சையா எரியற பொட்டைப் போய் "டெட் பிக்சல்"னு மெயில்ல எழுதிட்டாரு, பதில்ல இருட்டுப் புள்ளிக்கான எண்ணிக்கை விதியை ஒட்டி அனுப்பி ஃபைலை மூடிட்டாங்க. இதுக்காகத்தான் இந்தச் சொல் விஷயத்துல நான் இவ்வளவு பிடிவாதமா இருக்கேன்.

என் முன்மொழிவு இது. எப்பவுமே ஒளி விடாததுக்கு எரியாப்புள்ளி. எப்பவுமே எரிஞ்சுக்கிட்டே இருக்கிறதுக்கு அணையாப்புள்ளி. விளக்கு எரியுது அணையுதுன்னு நாம தினமும் சொல்றோம், அணையா விளக்குன்னு ஒரு சொல்லும் எல்லாருக்கும் தெரியும், அதனால யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. முக்கியமா "எப்பவும்"ங்கிற பொருள் அந்த எதிர்மறைக்குள்ளயே உக்காந்திருக்கு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்ங்கிறதால ப் மிகுந்து எரியாப்புள்ளின்னு வர்றதும் இலக்கணப்படி சரி. ஒரு நிறம் மட்டும் போச்சுன்னா எரியா உட்புள்ளி, எரிஞ்சபடியே மாட்டிக்கிச்சுன்னா அணையா உட்புள்ளி. மொத்தமா சேர்த்துச் சொல்லணும்னா பழுதுப்புள்ளி.

எல்சிடில புள்ளி தானா எரியறதில்லையே, பின்னாடி இருக்கிற விளக்கைத் திறந்து மூடுறதுதானேன்னு கேப்பீங்க. உண்மைதான், ஆனா ஓஎல்இடில புள்ளி தானாவே ஒளி விடுது, ரெண்டு வகைக்கும் கண்ணுக்குத் தெரியறது ஒண்ணுதான், அதனால சொல் ரெண்டுக்கும் பொருந்தும்.

பட்டபுள்ளி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, பட்டமரம்னு சொல்ற அந்த வழக்கு அழகு. ஆனா பட்டது தழைக்காது, அணையா உட்புள்ளிங்க சிலது நிறத்தை வேகமா மாத்தி மாத்திக் காட்டினா சரியாகிடுறதும் உண்டு, அதுக்கு இந்தப் பேர் ஒட்டாது. கரும்புள்ளி வேண்டவே வேண்டாம்னு நினைக்கிறேன். முகத்துல வர்றதும் கரும்புள்ளி, ஒருத்தர் பேருக்கு வர்ற களங்கமும் கரும்புள்ளி, போதாததுக்கு அழுத்தம் பட்டுத் திரை கசிஞ்சு மை கொட்டின மாதிரி ஆகுமே அதையும் ஜனங்க கரும்புள்ளின்னுதான் சொல்றாங்க, அப்படி அழுத்தி உடைச்சதுக்கு வாரண்டியே கிடையாது. அந்தக் குழப்பத்தை நாமளே உண்டாக்கக் கூடாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளோட குறைபாடுன்னா என்னன்னு சொல்ற இடத்துல, ஒப்பந்தப்படியோ விக்கிறவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரம் குறைஞ்சாலும் அது குறைபாடுதான்னு வருது. அதனால கம்பெனி தன்னோட விதியில எழுதி வச்ச எண்ணிக்கையே நமக்கு ஒரு பிடி. நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணினாலும் சரி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தமிழ்ல எழுதினாலும் சரி, "திரையின் இடது மூலையில் இரண்டு அணையாப்புள்ளிகளும் நடுவில் ஓர் எரியா உட்புள்ளியும் உள்ளன"ன்னு எழுதி, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் அஞ்சு பின்னணிலயும் எடுத்த போட்டோவை இணைச்சா எதிர்த்தரப்பு வார்த்தையைப் புரட்ட முடியாது.

திரையில நெடுக்கா கோடு விழுறதுக்கு "கோடு விழுதல்"னு ஏற்கனவே நல்ல வழக்கு இருக்கு, அதைத் தொட வேண்டாம். ஓஎல்இடில பழைய படம் நிழலா தங்கிடுறதுக்குத் தழும்புன்னு சொல்லலாமான்னு ஒரு யோசனை, ஆனா அதைத் தனி இழையா பேசுவோம். பிக்சலுக்கு படப்புள்ளியா படவணுவாங்கிற பழைய சண்டையை இதுல இழுக்காதீங்க, படவணுதான்னு முடிவானா எரியாப் படவணு, அணையாப் படவணுன்னு மாத்திக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. மறுப்பு இருக்கிறவங்க எந்த இடத்துல பொருந்தலன்னு ஒரு எடுத்துக்காட்டு வாக்கியத்தோட எழுதுங்க.