கண்ணை மூடினால் வெறும் இருட்டு, எனக்குக் கற்பனையே கிடையாதா?

வலைக்காரன்:
காசிமேடுதான் நமக்கு. நேற்று டீக்கடையில் ஒருத்தன், கண்ணை மூடி ஒரு வஞ்சிரத்தை நினைத்துப் பார் என்றான். எல்லோருக்கும் ஏதோ தெரிகிறதாம், செவுள், வெள்ளி மினுமினுப்பு எல்லாம். எனக்கு இருட்டு. 'மனக்கண்' என்பதைச் சும்மா பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் 34 வருஷமாக நினைத்திருந்தேன். செத்துப்போன அம்மா முகம்கூட வராது, ஆனால் அவள் எந்தப் படியில் வழுக்கி விழுந்தாள், குழம்பில் புளி எவ்வளவு விடுவாள் எல்லாம் தெரியும். பொண்ணுக்குத் தினமும் கதை இட்டுக்கட்டிச் சொல்கிறேன், அது எங்கிருந்து வருகிறது?

தண்டையார்பேட்டை தம்பி:
இதற்குப் பேரே இருக்கு அண்ணே, அஃபான்டேசியா. 2015-இல் ஆடம் ஜீமன் என்ற நரம்பியல் மருத்துவர் வைத்தது. நோய் இல்லை, பயப்படாதீங்க. 1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவாருங்கள், வெளிச்சமும் நிறமும் எப்படி இருக்கு என்று பலரிடம் கேட்டிருக்கிறார். அதில் சில விஞ்ஞானிகள், அப்படி ஒன்று இருப்பதையே நம்பவில்லை. பிக்சாரைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கும் மனதில் படம் வராதாம், பொம்மைப்படக் கம்பெனிக்காரருக்கே!

புளியந்தோப்பு:
படம் ஓடுவது மட்டும்தான் கற்பனை என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடும் அண்ணன் ஒருத்தர், வந்து உட்கார்ந்ததும் செத்தவர் என்ன வேலை, யார் மேல் பாசம், எந்தக் கடையில் டீ குடிப்பார் என்று விசாரிப்பார். அவரை உயிரோடு பார்த்ததே கிடையாது. விடிவதற்குள் அந்த ஆளைப் பாட்டில் நடக்க வைத்துவிடுவார், பெஞ்சாதி அழுவாள், நடுவில் சிரிப்பும் வரும். உங்களுக்கும் அதுதான், தெரிந்த விஷயங்களை ஒன்றோடு ஒன்று கோக்கத் தெரிகிறது.

மண்சுமந்தவன்:
சரி, ஆனால் சாமியையும் இதே கணக்கில் சேர்ப்பீர்களா? மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குச் சுடுகாட்டில் மண்ணைக் குவித்து உருவம் செய்வோம். நானே கூடையில் சுமந்தவன், காலையில் அது வெறும் மண். மஞ்சள், குங்குமம் போட்டுக் கண் வைத்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. கற்பனை என்றால் பொய் என்று ஒதுக்க முடியவில்லை. கணித மேதை ராமானுஜன், 1912-இல் நம்ம துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், தன் சூத்திரங்களை நாமகிரித் தாயார் கனவில் சொன்னாள் என்பார். கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டி, நிரூபணம் எங்கே என்று கேட்டார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு, நமக்கெதுக்கு வம்பு.

வலைக்காரன்:
நன்றி மக்களே. ராத்திரி நண்டுக் கதை சொன்னபோது பொண்ணு, "அந்த நண்டு என்ன கலர்ப்பா?" என்று கேட்டுவிட்டாள். அது பேசும், கடன் வாங்கும், பொய் சொல்லும், அதெல்லாம் எனக்குத் தெரியும். கலர் மட்டும் யோசித்ததே இல்லை. நீலம் என்று அவளே சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.