முதல் கோல்ஃப் செட்: 14 கிளப்பும் வேண்டுமா, ஏழெட்டு போதுமா?

கேள்வி
கோல்ஃப் பழகத் தொடங்கி ஒரு மாதம். இதுவரை இரவல் கிளப்தான் (பந்தை அடிக்கும் மட்டை). வலது கை ஆட்டம், உயரம் 5 அடி 6 அங்குலம். முழு செட்டாக வாங்கவா, பாதியா? ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) ஸ்டீலா, கிராஃபைட்டா? பழைய செட் என்றால் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1
14 என்பது விதி வைத்த உச்சவரம்பு. அத்தனையும் பையில் இருந்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 5 வுட், 5 ஹைபிரிட், 7 மற்றும் 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், புட்டர்: ஏழில் ஆட்டம் நடக்கும். வுட் நெடுந்தூரத்துக்கு, அயர்ன் நடுத்தூரத்துக்கு, ஹைபிரிட் இரண்டுக்கும் இடைப்பட்டது, வெட்ஜ் குறுந்தூரத்துக்கு, புட்டர் பந்தைக் குழிக்கு உருட்ட. 3, 4 அயர்னைத் தொடவே வேண்டாம். வேகமும் துல்லியமும் வராமல் அவற்றால் பந்து மேலே எழாது.

அயர்ன் கேவிட்டி பேக்காக இருக்கட்டும். முகத்தின் (பந்தில் படும் பரப்பு) பின்பக்கத்தைக் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். நடுவில் படாமல் நுனியில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. பின்பக்கம் குடையாத பிளேடு அயர்ன் பார்க்க அழகுதான், ஆனால் மன்னிக்காது.

கிளப்பில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், லாஃப்ட்டை (முகத்தின் சாய்வுக் கோணம்) கேளுங்கள். இன்றைய பிட்சிங் வெட்ஜ் பல 44 டிகிரிதான். சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவே 12 டிகிரி ஓட்டை. அதைப் பிறகு ஒரு 50 டிகிரி வெட்ஜால் அடைத்துக்கொள்ளலாம்.

பதில் 2
பதில் 1-இன் ஏழில் டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் பெரிய தலைக் கிளப்) இல்லை; அதை ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 460 சிசி தலை, டீ (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) மேல் உட்கார்ந்த பந்து; 3 வுட்டைத் தரையிலிருந்து அடிப்பதைவிட இது எளிது. லாஃப்ட் மட்டும் 10.5-க்குக் கீழே போகக் கூடாது, 12 இன்னும் நல்லது. லாஃப்ட் குறையக் குறையப் பக்கவாட்டு வளைவு கூடும்.

ஃபிளெக்ஸ் (ஷாஃப்ட் வளையும் தன்மை): டிரைவர் வீச்சு மணிக்கு 85–95 மைல் என்றால் ரெகுலர், அதற்குக் கீழே இன்னும் வளையும் சீனியர். குறைவாக வளையும் ஸ்டிஃப் வாங்கிவிட்டு, பந்து தாழ்வாக வலப்பக்கமே போகிறதென்று வீச்சைக் குறை சொல்பவர்கள் உண்டு. அயர்னுக்கு ஸ்டீல் போதும். முழங்கை வலி இருந்தால் கிராஃபைட்.

நீளத்துக்கு உயரம் மட்டும் பார்த்தால் போதாது. ஷூ போட்டு நின்று, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளக்கவும். 34–36 அங்குலம் வந்தால் பெரும்பாலும் வழக்கமான நீளமே பொருந்தும். கிரிப்பை (கைப்பிடி உறை) இடது கையால் பிடித்தால் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் கிரிப் மெலிது.

பதில் 3
பழைய செட்டுக்கு: அயர்ன்களை வரிசையாகச் சுவரில் சாத்துங்கள். அடுத்தடுத்த எண்ணுக்கு ஏறக்குறைய அரை அங்குலம் நீளம் மாறும். ஒன்று மட்டும் தப்பினால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்திலுள்ள கறுப்பு வளையம் மேலே நழுவியிருந்தால் பசை விட்டிருக்கலாம்; தலையை முறுக்கிப் பாருங்கள். கிராஃபைட்டில் விரலை ஓட்டினால் சிராய்ப்பு தட்டுகிறதா, ஸ்டீலில் நெளிவோ குழிவிட்ட துருவோ இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடுங்கள். வெட்ஜின் கோடுகளில் நகம் மாட்டவில்லையென்றால் தேய்ந்துபோனது. கிரிப் வழவழப்பாக இறுகியிருப்பது பெரிய குறையில்லை, புதிதாக மாற்றிவிடலாம்.

கேட்டவர்
லை ஆங்கிளையும் (கிளப்பைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் நிற்கும் கோணம்) இப்போதே திருத்த வேண்டுமா?

பதில் 2
இப்போது வேண்டாம், வீச்சு வாரத்துக்கு வாரம் மாறும். வீச்சு நிலைத்தபின் கிளப்பின் அடிப்பாகத்தில் டேப் ஒட்டி, கெட்டியான பலகை மேலிருந்து அடியுங்கள். தேய்மானம் ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) என்றால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது, பந்து இடப்பக்கம் போகும். டோ பக்கம் (தலையின் நுனிப் பக்கம்) என்றால் நேர்மாறு.