கவுண்டர் ஸ்ட்ரைக் கொம்பியூட்டர் விளையாட்டில் மறக்க முடியாத ஆட்கள்: யாழ்ப்பாணத்துப் பெடியள், பெட்டையள் வந்து எழுதுங்கோ

ஏழாம் நம்பர் மெஷின் எழுதியது:

2010ஆம் ஆண்டு. கஸ்தூரியார் வீதிக்குக் கிட்ட ஒரு மாடியில் எட்டு கொம்பியூட்டர் வைத்திருந்த நெட் கஃபே. கடையின் பெயர் வேண்டாம், முதலாளி அண்ணை இப்போதும் ஊரில்தான் இருக்கிறார். ஏ.எல். படித்துக்கொண்டிருந்த காலம். பின்னேர ரியூசன் முடிந்து வீட்டுக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் களவாகக் கிடைக்கும். சைக்கிளைப் பக்கத்து ஒழுங்கைக்குள் மறைத்து விட்டு மேலே ஏறுவோம். வாசலில் விட்டால் அப்பாவுக்குத் தெரிந்த யாராவது கண்டு சொல்லிவிடுவார்கள்.

எட்டு மெஷினிலும் யாரோ சீடியில் கொண்டு வந்து போட்ட கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 பதிப்பு. இரண்டு அணி சுட்டு விளையாடுவது, ஒன்று ஏ அல்லது பி என்ற இடத்தில் குண்டு வைக்கும், மற்றது தடுக்கும். இன்டர்நெட் தேவையே இல்லை. மெஷினுக்கு மெஷின் வயர் இழுத்திருந்தது. பிங், அதாவது நாங்கள் அழுத்துவது போய்த் திரும்ப எடுக்கும் நேரம், ஐந்து மில்லிசெக்கனைத் தாண்டாது. அதற்குப் பிறகு அப்படி ஒரு பிங்கை நான் கண்டதேயில்லை.

ஒருநாள் உற்சாகத்தில், "பியிலை பொம் வைச்சாச்சு, பொம் வைச்சாச்சு!" என்று கத்திவிட்டேன். கீழே சந்தியில் ஆமிச் சென்றி. முதலாளி அண்ணை ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை. "தம்பியவை, உந்தச் சொல்லை மட்டும் வாயிலை எடுக்காதேங்கோ. வேறை என்னவும் சொல்லுங்கோ." அன்றிலிருந்து எங்கள் கடையில் குண்டுக்குப் பெயர் பலாப்பழம். "பலாப்பழம் பியிலை, கெதியா வா!" என்றால் யாருக்கு என்ன விளங்கும்? மூலைக்குள் பதுங்கி இருப்பவனை உலகம் முழுக்க 'காம்ப் அடிக்கிறான்' என்பார்கள். எங்கள் ஊரில் காம்ப் என்றால் ஆமி முகாம். ஆகவே அதுவும் தடை. 'அடைகாக்கிறான்' என்று மாற்றினோம். இன்றைக்கும் எனக்கு அந்த இரண்டு சொல்லும்தான் வாயில் வரும்.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999இல் ஹாஃப் லைஃப் என்ற விளையாட்டின் மேல் கட்டிய இலவச மாற்று வடிவம் இது. 2000இல்தான் கடைக்கு வந்தது. டஸ்ட்2 என்ற களம் 2001இல் வந்தது, இன்னும் அதே இரண்டு கதவுக்கு இடையில் அதே இடத்தில் செத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் அலுக்கவில்லை? என் கணக்கில் காரணம் காசுதான். துவக்கு வாங்க எல்லாருக்கும் கையில் 800 டொலர் விளையாட்டுக் காசு. பத்து வருடம் விளையாடினவனும் நேற்று வந்தவனும் அதே 800இலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டிலிருந்து பெரிய துவக்கைக் கொண்டு வர வழியில்லை. தோற்றால் ஆறுதல் காசு 1400, தொடர்ந்து தோற்றால் அது கூடிக்கொண்டே போகும். இந்த முறை வாங்குவதா, கையில் இருக்கிற பிஸ்டலோடு சமாளித்து அடுத்த முறைக்குச் சேர்ப்பதா என்று அணியில் ஐந்து பேரும் கூடிக் கதைக்க வேண்டும். சீட்டுப் பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. அப்புறம், செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை சும்மா இருந்து பார்க்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொருவனும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

நான் சந்தித்தவர்களில் மறக்க முடியாதவன் மூன்றாம் நம்பரில் இருந்த ஒரு பெடியன். பெயர் கேட்டதில்லை. சுடுவதில் சுமார். ஆனால் காதால் விளையாடுவான். இந்த விளையாட்டில் ஓடினால் காலடி கேட்கும், ஷிஃப்டை அழுத்தி நடந்தால் கேட்காது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ரண்டு பேர், டனலுக்குள்ளை, ஒருத்தன் நிண்டிட்டான்" என்பான். சரியாக இருக்கும். எப்படியடா என்று கேட்டேன். "பங்கருக்குள்ளை இருந்தா எது கிட்ட விழும், எது தள்ளி விழும் எண்டு கேட்டுத்தானே இருந்தனாங்கள்" என்றான். சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குக் கவசம் வாங்கினான். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

சரி, உங்களுடையதை எழுதுங்கோ. நல்லதும் எழுதலாம், வயிற்றெரிச்சலும் எழுதலாம்.

வடமராட்சிக் காத்து எழுதியது:

வயிற்றெரிச்சல்தான். 2018 டிசம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் பின்னைய பதிப்பான சி.எஸ்.கோவை இலவசமாக்கினார்கள். காசில்லாதவர்களும் வந்தார்கள், நல்லது. கூடவே சுவருக்குள்ளால் ஆளைக் காட்டும் களவு மென்பொருளோடு ஏமாற்றுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். பிடிபட்டால் அந்த அக்கௌண்டுக்கு ஆயுள்தடை, ஆனால் புதியதொன்றைத் தொடங்கச் செலவே இல்லையே.

ஒருநாள் எதிரணியில் ஒருவன். சுவருக்குப் பின்னால் நான் நகர நகர அவனுடைய துவக்கு நுனியும் நகருகிறது. இரண்டு மூன்று தரம் அப்படியே செத்தேன், சந்தேகமே இல்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இங்கிலீசில் ஏசி எழுதினேன், கடைசியில் கோபத்தில் தமிழில் ஒரு சொல் விழுந்துவிட்டது. உடனே அவனிடமிருந்து பதில்: "அண்ணா நீங்க யாழ்ப்பாணமா? நான் நெல்லியடி."

எனக்குக் கை நின்றுவிட்டது. நெல்லியடி எனக்கு அடுத்த ஊர். "ஏன்டா தம்பி இப்பிடிச் செய்யிறாய்?" என்றேன். "நேராய் விளையாடினா ஆரும் சேர்க்கீனம் இல்லை அண்ணா, ஏசுகினம்" என்றான். வயது பதின்மூன்றாம். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவன் என்னை மட்டும் சுடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. என் அணியிலிருந்த மற்ற நாலு பேரும் என்னையும் அவனோடு சேர்த்து முறைப்பாடு செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோபமும் போகவில்லை, அவனை முறைப்பாடு செய்யவும் மனம் வரவில்லை. கடைசியில் செய்தேன்.

ரவுட்டர்_அநாதை எழுதியது:

2022ஐ விட்டுவிட்டு இந்தக் கதையை முடிக்க முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். நான் அட்டவணை பார்த்து, வெட்டு இல்லாத நேரத்துக்குள் ஆட்டத்தைப் பொருத்தி விளையாடுவேன். அன்றைக்கு அட்டவணையைக் கேட்காமலே வெட்டிவிட்டார்கள்.

நிலைமை 15-14. நாங்கள் தடுக்கும் பக்கம். அந்தக் காலத்தில் 16 சுற்று எடுத்தால் வெற்றி, எங்களுக்கு இன்னும் ஒன்றுதான். நாலு பேர் போய் நான் மட்டும் மிச்சம், அவர்களில் ஒருவன். அவனைப் புகைக்குள் குருட்டுவாக்கில் சுட்டு விழுத்தினேன். குண்டு வெடிக்க 40 செக்கன், அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. செயலிழக்கச் செய்யும் கருவி இருந்தால் ஐந்து செக்கன், இல்லாவிட்டால் பத்து. நான் 400 டொலர் மிச்சம் பிடித்த கஞ்சன், ஆகவே பத்து. இருந்தேன், பிடித்தேன். ஏழு, எட்டு... மின்விசிறி நின்றது.

கொம்பியூட்டருக்கு யூ.பி.எஸ். இருந்தது. ரவுட்டருக்கு இல்லை. அதனால் திரை அணையவில்லை. நான் குண்டுக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறேன், மேல் மூலையில் தொடர்பு அறுந்துவிட்டது, இத்தனை செக்கனில் துண்டிக்கப்படும் என்று இன்னொரு எண் இறங்குகிறது. ஒரு குண்டுக்கு இரண்டு மணிக்கூடு. போனில் ஹாட்ஸ்பொட் போட்டால் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வருகிறது போகிறது. கோபுரத்துக்கும் கரண்ட் இல்லைப் போல.

ஆட்டத்தைப் பாதியில் விட்டால் தண்டனை உண்டல்லவா. முதல்முறை 30 நிமிடம், பிறகு 2 மணித்தியாலம், பிறகு 24 மணித்தியாலம், பிறகு 7 நாள். நான் அந்த மாதம் படிப்படியாக எல்லாப் படியும் ஏறியிருந்தேன். ஏழு நாள் கிடைத்தது. கோபித்து என்ன, எங்கேயோ இருக்கிற சேர்வருக்கு எங்கள் ஊரில் டீசல் இல்லை என்பது எப்படித் தெரியும்?

அந்த ஆட்டத்தில் வென்றோமா, 15-15 என்று சமனில் முடிந்ததா என்று இன்றுவரை நான் போய்ப் பார்க்கவில்லை.

மைக்_மூடி எழுதியது:

பெட்டையள் என்று தலைப்பில் போட்டதற்கு நன்றி. எழுதப் போவது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

கொக்குவிலில் இருந்து விளையாடுகிறேன். பெரும்பாலும் சென்னைச் சேர்வர் கிடைக்கும். மைக்கைத் திறப்பதில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். ஆனால் மைக் இல்லாமல் இந்த விளையாட்டில் பாதி பலம் இல்லை. எதிரி எங்கே என்று எழுதி முடிப்பதற்குள் ஆள் செத்துவிடும்.

போன வருடம் இன்ஃபெர்னோ என்ற களத்தில் ஒருநாள் பொறுக்க முடியாமல் திறந்து, "வாழைப்பழப் பாதையாலை மூண்டு பேர் வருகினம்" என்றேன். ஒரு செக்கன் அமைதி. பிறகு தொடங்கியது. "பொண்ணா?" "கேரளாவா நீங்க?" "இன்னொரு தடவ பேசுங்க." மூன்று சுற்று போனது, ஒருவனும் எதிரியைப் பார்க்கவில்லை. மைக்கை மூடப் போனேன். அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத ஒருவர், குரலைக் கேட்டால் நாற்பது வயது இருக்கும், "டேய், அவங்க சொன்ன எடத்துலதான மூணு பேர் வந்தான். வாய மூடிட்டு அவங்க சொல்றத கேளுங்கடா" என்றார். கேட்டார்கள். 3-7 இலிருந்து 13-10க்கு வந்து வென்றோம். நடுவில், "கெதியாய் வாங்கோ" என்றால் என்ன என்று அவர் கேட்டார். சீக்கிரம் என்றேன். மிச்ச ஆட்டம் முழுக்க ஐந்து பேரும் "கெதியாய், கெதியாய்" என்றுதான் ஓடினார்கள்.

நல்ல கதைதான். ஆனால் அடுத்தநாள் வேறொரு அணியில் திறந்தேன், முதல் சுற்றிலேயே மூடிவிட்டேன். அங்கே அந்த நாற்பது வயதுக் குரல் இருக்கவில்லை.

பனிக்குள் பனங்கொட்டை எழுதியது:

ரொறொன்ரோவிலிருந்து. என் மச்சான் சாவகச்சேரியில். இங்கே காலை பத்தரை என்றால் அங்கே இரவு எட்டு, அதுவும் கோடையில். பனிக்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் தள்ளும். நேரத்தை எப்படியாவது பொருத்தலாம், தூரத்தைப் பொருத்த முடியாது. ஆசியச் சேர்வரில் எனக்குப் பிங் 250க்கு மேல், இங்கே வந்தால் அவனுக்கு அதே. மூலையால் எட்டிப் பார்ப்பவனுக்குத்தான் எப்போதும் ஒரு கண் முந்தித் தெரியும், காத்திருப்பவன் செத்த பிறகுதான் ஆளைக் காண்பான். அதனால் வாரம் மாறி வாரம் ஒருவர் சாவது என்று ஒப்பந்தம்.

ஏழாம் நம்பர் சொன்ன 800 டொலர் நியாயத்தில் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. 2013 ஓகஸ்டில் துவக்குக்கு அலங்காரப் பூச்சு (ஸ்கின்) வந்ததிலிருந்து உண்மையான காசும் உள்ளே வந்துவிட்டது. பூச்சால் குறி மாறாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மச்சான், காசு கட்டித் திறந்தால் ஏதாவது ஒரு பூச்சு விழும் பெட்டியைத் திறக்கிறேன் என்று நான் அனுப்பிய பிறந்தநாள் காசைத் திறந்து தீர்த்தான். மிச்சத்தை ஏதோ ஒரு பந்தயத் தளம் விழுங்கியது. மாமிக்கு இன்னும் தெரியாது. இதை மாமி படிக்கமாட்டா என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஏழாம் நம்பர் மெஷின் எழுதியது:

பனங்கொட்டை, ஆட்சேபம் சரி. என்னிடம் பெட்டி திறக்கக் காசில்லாததால் நான் தப்பினேன், அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 27 ஞாபகம் இருக்கிறதா? புதிய பதிப்பான சி.எஸ்.2 வந்து சி.எஸ்.கோ இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. பழைய கிராபிக்ஸ் கார்ட்டுகளைக் கைவிட்டார்கள். என்னுடையதும் அதில் ஒன்று. பத்து வருடம் விளையாடிய ஒன்று, இரவு படுத்து எழும்ப என் மெஷினில் ஓடாது என்றால் எப்படி இருக்கும்? எழுநூறு மணித்தியாலம் என்று அக்கௌண்டில் காட்டுகிறது, உள்ளே போக முடியாது. மெஷின் மாற்ற ஒரு வருடம் பிடித்தது.

மாற்றிய அன்றைக்கு ஒன்று நடந்தது. முந்தி ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்க விளையாடின காலத்தில் ஒரு இரவு அம்மா டோர்ச்சோடு வந்து கதவடியில் நின்றா. ஒன்றும் சொல்லவில்லை. விளக்குகளை நூர்த்துவிட்டுத்தான் வந்திருந்தா. அன்றே ஹெட்போன் வாங்கினேன், பிறகு ஸ்பீக்கரைத் தொட்டதில்லை. புது மெஷின் வந்த அன்று தேத்தண்ணியோடு வந்து பின்னால் கதிரையில் இருந்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டா.

"பன்னிரண்டு சுற்றுக்குப் பிறகு பக்கம் மாறும் அம்மா. எல்லாரும் ரண்டு பக்கமும் விளையாடோணும்."

"மாறாமல் இருக்கேலாதோ?"

"இல்லை."

ம் என்றா. கோப்பையை எடுத்துக்கொண்டு போனா.

ரவுட்டர்_அநாதை எழுதியது:

அண்ணை, பழைய மெஷினை என்ன செய்தீங்கள்?

ஏழாம் நம்பர் மெஷின் எழுதியது:

அறைக்குள்தான் கிடக்கிறது. 1.6 வடிவாக ஓடும். முதலாளி அண்ணை கடையை மூடியபோது மெஷின்களை இணைக்கிற சுவிட்சையும் வயர்களையும் என்னிடம் தந்துவிட்டார். ஆளுக்கொரு மெஷின் தூக்கி வந்தால் சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் எட்டுப் பேர் இருக்கலாம். மைக்_மூடி, நீரும் வாரும், துணைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு வரலாம், விறாந்தையில் மைக் தேவையில்லை. நெல்லியடித் தம்பியைக் கண்டால் அவனையும் இழுத்து வாங்கோ, பக்கத்தில் இருந்து பார்த்தால் சுவருக்குள்ளால் எப்படிப் பார்க்கிறான் என்று காணலாம்தானே.

அடைகாக்கிறவர் தேத்தண்ணி போட வேண்டும். பலாப்பழத்தைப் பலாப்பழம் என்றே சொல்ல வேண்டும், அம்மா உள்ளே இருப்பா.