புதுப்பிப்பு: கிராஸ்ஹாப்பர் அலைக்கோட்டின் முடிச்சு அவிழ்ந்தது
கிராஸ்ஹாப்பரில் (ரைனோ வடிவமைப்பு மென்பொருளில் கட்டளைப் பெட்டிகளை இணைத்து வரையும் கருவி) மரச்சட்டக் கூரைக்கு ஒழுங்கற்ற அலைக்கோடு வேண்டும், ரேண்டம் புள்ளிகளை இன்டர்போலேட்டில் (எல்லாப் புள்ளிகள் வழியாகவும் வளைகோடு வரையும் பெட்டி) கொடுத்தால் கோடு தன்னையே சுற்றி முடிச்சு போடுகிறது என்று கேட்டிருந்தேன். தப்பு என்னுடையதுதான். எக்ஸையும் (புள்ளியின் கிடைமட்ட இடம்) ரேண்டமாக விட்டிருந்தேன். புள்ளிகள் வரும் வரிசையில்தானே கோடு ஓடும்? முன்னும் பின்னும் தாவியிருக்கிறது.

இப்போது எக்ஸுக்கு சீரிஸ் (சம இடைவெளியில் எண்கள் தரும் பெட்டி), 600 மி.மீ. இடைவெளி, ஒய் (உயரம்) மட்டும் ரேண்டம். முடிச்சு போனாலும் வளைவுகள் துருத்திக்கொண்டே இருந்தன. அப்புறம் இன்டர்போலேட்டுக்குப் பதில் நர்ப்ஸ் கர்வ் (புள்ளிகளை நோக்கி இழுபட்டு வளையும் கோடு), டிகிரி 3 (வளைவின் மென்மையைக் கட்டுப்படுத்தும் எண்) போட்டேன். வழவழவென்று வந்துவிட்டது!

ஒரு சிக்கல்: நர்ப்ஸ் கோடு இரு முனைகளைத்தான் தொடும், நடுப்புள்ளிகள் அதை இழுக்க மட்டுமே செய்யும். ஏசி குழாய்க்கு அடியில் உயரத்தைத் தனியாக அளந்து, அங்கே ஒரு புள்ளியைக் கீழே இறக்கினேன். ரேண்டம் எண்களை மாற்றித் தரும் சீட் ஸ்லைடரை நகர்த்தி நகர்த்தி 17-இல் நிறுத்தியிருக்கிறேன்.