மறு: நைட்ரேட்டுக்குத் தமிழ்ச்சொல் (வெடியுப்பா, தழையேறா?)

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாலு நாளாக இந்த இழையைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொற்கள் வந்து குவிந்துவிட்டன. ஆனால் எனக்குச் சோறு போடும் தொழிலில் தினமும் கல் கடிக்கும் இடத்தை மட்டும் யாரும் தொடவில்லை. அதற்காகத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்தருளவும்.

நான் இருப்பது தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில். போன மாசிக்கு ஒரு தோட்டக்காரர் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். அறிக்கையைத் தமிழில் தருகிறோம் என்று பெருமையாகச் சொல்லிக் கொடுத்தோம். மறுநாள் தாளோடு வந்து நின்றார். "ஒண்ணையே ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணியிருக்கீங்களே, ரெண்டுக்கும் சேத்தா காசு வாங்குனீங்க?" வாங்கிப் பார்த்தால், ஆறாவது வரியில் 'நைட்ரைட் 38', ஏழாவது வரியில் 'நைட்ரைட் 0.02'. ஆறாவது நைட்ரேட்டாக இருந்திருக்க வேண்டும். தட்டச்சில் இரட்டைக் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இணைக்கொம்பு விழுந்துவிட்டது. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

லிட்டருக்கு 38 மில்லிகிராம் நைட்ரேட் என்றால் குடிக்கலாம். நம் நாட்டுத் தர வரம்பு 45. அதே 38 நைட்ரைட்டாக இருந்தால் கிணற்றையே மூட வேண்டியதுதான். உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சொல்லும் அளவு 3. ஒரு கொம்பு செய்த வேலை இது.

இனி ஐயா எழுதியதற்கு வருகிறேன்.

> வெடியுப்பு என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்க, நைட்ரேட் எதற்கு? எல்லா நைட்ரேட்டையும் வெடியுப்பு என்றே வழங்கலாம்.

சொல் அருமைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சித்த மருத்துவத்திலும் பட்டாசுத் தொழிலிலும் வெடியுப்பு என்றால் பொட்டாசியம் நைட்ரேட் ஒன்றுதான். கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு அது, 15 கரி, 10 கந்தகம். அது தானாக வெடிப்பதில்லை. கரியும் கந்தகமும் ஒரு நொடியில் எரிந்து தீர ஆக்சிஜனைத் தூக்கிக் கொடுக்கிறது. சோடியம் நைட்ரேட்டும் ஆக்சிஜன் கொடுக்கும், ஆனால் காற்றின் ஈரத்தை இழுத்து நமத்துவிடும், திரிக்கு ஆகாது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் வெட்டி எடுத்துக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றியது இந்தச் சோடியம் நைட்ரேட்டைத்தான். அந்த நிலத்துக்காக 1879இல் சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாகப் போரே மூண்டது. அதையும் வெடியுப்பு என்று எழுதினால், சிவகாசிக்காரர் முதலில் நம்மைப் பார்த்துத்தான் சிரிப்பார். பேரியம் நைட்ரேட்டைக்கூட அங்கே வெடியுப்பு என்பதில்லை, பச்சை உப்பு என்பார்கள். பச்சை நிறச் சுடர் தருவதால் வந்த பெயர். தொழிலாளி தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் போய்க் கலக்கக் கூடாது.

அடுத்து, நைட்ரேட் எல்லாம் உப்பும் அல்ல. நெஞ்சுவலிக்காரர் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாவது. அதற்கு எந்த உப்பைச் சேர்ப்பது? பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் நிறைய உண்டு. 'கீரையில் வெடியுப்பு' என்று எழுதிப் பாருங்கள், மறுநாள் சந்தையில் கீரைக்கட்டு விலைபோகாது.

'தழையேறு' என்று தங்கை ஒருவர் முன்வைத்தது காதுக்கு இதமாக இருக்கிறது. உண்மையில் எனக்குப் பிடித்தது. ஆனால் உழவர்கள் தழைச்சத்து என்பது நைட்ரஜன் முழுவதையும். யூரியாவிலும் தழைச்சத்துதான், அம்மோனியம் சல்பேட்டிலும் தழைச்சத்துதான். அதில் ஒரு வடிவத்துக்கு மட்டும் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால் உரக்கடையில் சண்டை வரும். தவிர, வாக்களித்ததும் விரலில் வைக்கும் மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கும், வாரக்கணக்கில் போகாது. மைசூரில் 1962இலிருந்து செய்கிறார்கள். அதை 'வெள்ளித் தழையேறு' என்றால் மூலிகை மை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி என் கல் கடிக்கும் இடம். நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, மூன்று. ஒரு நைட்ரஜனோடு மூன்று ஆக்சிஜன் சேர்ந்தது நைட்ரேட். இரண்டு சேர்ந்தது நைட்ரைட். ஆக்சிஜனே இல்லாமல் உலோகம் போன்ற வேறொரு தனிமத்தோடு சேர்ந்தது நைட்ரைடு. எல்இடி விளக்கிலும் புதுச் சார்ஜரிலும் இருக்கும் காலியம் நைட்ரைடு அந்த வகை. ஆக்சிஜன் மிகுந்த உப்புக்கு ஒரு ஈறு, குறைந்ததற்கு இன்னொரு ஈறு என்ற ஏற்பாட்டை 1787இல் பாரிசில் லவாய்சியரும் இன்னும் மூவரும் உட்கார்ந்து செய்தார்கள். ஆக, அதுவும் ஒரு கலைச்சொல் குழு போட்ட சொல்தான்! அவர்கள் மொழியில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. நம் எழுத்தில் 'ட்' ஒன்றே t, d என்ற இரண்டு ஒலிக்கும் நிற்பதால் நைட்ரைட், நைட்ரைடு என்ற கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

பாடநூல்காரர்கள் இதற்குக் கண்ட வழி, ஒன்றை 'நைட்ரைட்டு' என்றும் மற்றதை 'நைட்ரைடு' என்றும் எழுதுவது. எழுவாயாக நிற்கும்வரை சரி. வேற்றுமை உருபு சேர்ந்ததும் குட்டு வெளிப்படும். வீடு வீட்டை ஆகிறது, ஆடு ஆட்டை ஆகிறது. அதே இலக்கணப்படி நைட்ரைடு என்ன ஆகும்? நைட்ரைட்டை. நைட்ரைட்டு என்ன ஆகும்? அதுவும் நைட்ரைட்டை! 'நைட்ரைட்டைச் சூடாக்கினால்' என்று ஒரு வாக்கியம் வந்தால் எதைச் சூடாக்குவது? இலக்கணத்தை மீறி 'நைட்ரைடை' என்று எழுதித் தப்பிக்கலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பிழைதிருத்துபவர் கையில் சிக்கினால் ஒற்றை இரட்டித்துத்தான் விடுவார்.

கைக்குழந்தைக்கு நீலம் பாய்வதை விளக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்த நீரிலுள்ள நைட்ரேட்டைக் குழந்தையின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுக்க, ஆக்சிஜன் போய்ச்சேராமல் உதடு நீலமாகிறது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். தாய்மாருக்குத் தரும் துண்டறிக்கையில் இந்த வாக்கியத்தில் ஒரு கொம்பு தவறினால் 'நைட்ரைட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன' என்று நிற்கும்.

இதற்கு விடை ஏற்கெனவே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணை சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார், ஒருவரும் கவனிக்கவில்லை. இலங்கைப் பாடநூல்களில் நைத்திரேற்று, நைத்திரைற்று, நைத்திரைட்டு. வல்லோசைக்கு ற்று, மெல்லோசைக்கு ட்டு. சல்பேற்று, ஒட்சைட்டு எல்லாம் அதே கணக்கு. உருபு ஏற்றாலும் நைத்திரைற்றை, நைத்திரைட்டை என்று பிரிந்தே நிற்கும். அங்கே பேச்சிலும் ற்று அந்த ஒலிக்கு நெருங்கி வரும்.

> நம் பிள்ளைகள் 'நைட்ரைற்று' என்பதைக் 'காற்று' மாதிரி வாசிப்பார்களே?

வாசிப்பார்கள்தான். வாசித்துவிட்டுப் போகட்டும், உச்சரிப்பு பிசகினால் கிணறு கெடாது. ஆனால் முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. சல்பேட், பாஸ்பேட், நைட்ரேட் மூன்றும் மூட்டையிலும் வாயிலும் ஊறிவிட்டன, நைட்ரைட்டின் ஈற்றை மாற்றிவிட்டால் அவற்றோடு குழம்ப வேறு ஈறும் இல்லை, அப்படியே இருக்கட்டும். நைட்ரைடு, குளோரைடு, ஆக்சைடும் இருக்கட்டும். நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்: நைட்ரைற்று, சல்பைற்று, குளோரைற்று. கொம்பு தவறினாலும் ற்று காட்டிக் கொடுத்துவிடும். வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டின் பெயராகவே தொடரும், ஐயாவுக்கு அதில் மனக்குறை இருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் கூடத்து அறிக்கைப் படிவத்தில் நேற்றே ஏழாவது வரியை 'நைட்ரைற்று' என்று மாற்றிவிட்டேன். தட்டச்சுத் தங்கை "என்ன சார் புது எழுத்து?" என்றதற்குக் கதையைச் சொன்னேன். இதுவரை குழப்பவில்லை.

அண்ணையிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நைத்திரேற்று என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 'ஏற்று' என்ற ஏவல்தான் காதில் விழுகிறது. பென்சீனில் நைட்ரோ தொகுதியைச் சேர்ப்பதை நாங்கள் நைட்ரோ ஏற்றம் என்கிறோம். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வேறு வேலை. இந்த இரண்டையும் வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?