டல்சா 1921: பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம்?

குமரன்_டல்லஸ்:
அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2021 மே மாதம் ஆளுநர் கெவின் ஸ்டிட் கையெழுத்திட்ட 1775-ஆம் எண் சட்டத்தை ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். நான் படித்துப் பார்த்தேன். தன் இனத்தை நினைத்து ஒரு மாணவன் குற்ற உணர்வோ மனவேதனையோ கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்தக் கூடாது என்கிறது. 1921-இல் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைக் கொன்று வீடுகளை எரித்த டல்சா படுகொலை மாநிலப் பாடத்திட்டத்தில் இருக்கிறது, அதை நடத்தத் தடையும் இல்லை. இதில் என்ன தப்பு?

நூலகப்பூனை:
தேதியைப் பாருங்கள் குமரன். கறுப்பின மக்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியில் 35 பிளாக்குகள் எரிந்து நூறு வருடம் ஆகச் சில வாரங்களே இருந்தபோது கையெழுத்து! தடை இல்லைதான். ஆனால் 2022-இல் மாநிலக் கல்வி வாரியம் இந்தச் சட்டத்தை மீறியதாகச் சொல்லி டல்சா பள்ளி மாவட்டத்தின் அங்கீகாரத்தை எச்சரிக்கை நிலைக்கு இறக்கியது. அதுவும் வகுப்பில் நடத்திய பாடத்துக்காக இல்லை, ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்காக. அதைப் பார்த்த பக்கத்து ஊர் வாத்தியார் டல்சாவை இரண்டு வரியில் முடித்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போவாரா மாட்டாரா?

குமரன்_டல்லஸ்:
இது உங்கள் ஊகம்.

நூலகப்பூனை:
சரி, ஊகம் வேண்டாம். தோல் நிறம்தான் அந்தப் படுகொலையைத் தீர்மானித்தது என்று சொல்ல வேண்டாம் என 2023-இல் பேசியவர் அப்போதைய மாநிலக் கல்வித் தலைவர் ரயான் வால்டர்ஸ். வேறு எது தீர்மானித்ததாம்?

குமரன்_டல்லஸ்:
அதற்கு அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். நடந்தது இனவெறிதான் என்று ஒப்புக்கொண்டார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செல்வி_டீச்சர்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். குற்ற உணர்வு வருமா வராதா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் நடத்தினால் ஒரே கேள்வியில் தொடங்குவேன்: வீடும் கடையும் எரிந்தவர்களுக்குக் காப்பீட்டுப் பணம் ஏன் கிடைக்கவில்லை? கலவரத்தில் எரிந்தால் பணம் கிடையாது என்று பாலிசியில் ஒரு வரி. நடந்ததற்குக் கலவரம் என்று பெயர், கதை முடிந்தது. 1926-இல் மாநில உச்ச நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனம் பக்கமே நின்றது. வழக்குப் போட்டவர் கிரீன்வுட்டில் கட்டடம் வைத்திருந்த ஒரு வெள்ளையர், அவருக்கே இந்தக் கதி. 1997-இல் அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் பெயரில்கூட 'இனக் கலவரம்' என்றுதான் இருந்தது. ஒரு சொல் யாருக்கு லாபம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். யாரையும் அழவைக்கத் தேவையில்லை.

குமரன்_டல்லஸ்:
காப்பீட்டு விஷயம் எனக்குப் புதிது டீச்சர், நல்ல கேள்வி. ஆனாலும் முந்நூறு பேர் வரை செத்திருக்கலாம் என்று சொல்லப்படும் ஒன்றைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொண்டுபோக வேண்டாம். எட்டாம் வகுப்பில் கேளுங்கள், நானே வந்து உட்காருகிறேன்.

நூலகப்பூனை:
கொள்ளுத்தாத்தா வீடு எரிந்த கதையைக் கேட்டு வளரும் பத்து வயதுப் பிள்ளையும் அதே வகுப்பில்தானே இருக்கிறது? அது வாயைத் திறந்தால் டீச்சர் என்ன சொல்லி உட்காரவைப்பார்?