பழைய ஹோண்டா குவாட் பைக் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

பண்ணைக்குப் புதுசு:
வணக்கம். அவசரம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு பழைய குவாட் (பண்ணை வேலைக்கான நாலு சக்கர பைக்) வாங்கினேன். விற்றவர் இடத்தில் பார்த்தபோது பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது, கொட்டகையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இங்கே கொண்டுவந்து டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து தொல்லை. காலையில் ஸ்டார்ட் ஆகிறது, வேலி வரைக்கும் போகிறது, அப்புறம் இழுவை குறைந்து திணறித் திணறி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகி மறுபடி அதேபோல் நிற்கிறது. நேற்று மேடு ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது, பின்னால் பையன் வேறு உட்கார்ந்திருந்தான். பிளக் புதிது போட்டாயிற்று. ஆடுகள் குட்டி போடும் நேரம், வண்டி இல்லாமல் ஒன்றும் ஓடாது. என்ன பார்க்க வேண்டும்?

செல்வா ரொறன்ரோ:
என்ன மாடல், எந்த ஆண்டு? கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. நிற்கும்போது பட்டென்று அணைகிறதா, மெல்ல மெல்லச் சாகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

இரும்புக்கை:
கார்புரேட்டர்தான், யோசிக்கவே வேண்டாம். பழைய வண்டி கொட்டகையில் கிடந்திருக்கும், பெட்ரோல் காய்ந்து ஜெட்டில், அதாவது உள்ளே பெட்ரோல் போகிற சின்ன ஓட்டைத் துண்டில், பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். கழற்றிக் கிளீனர் அடித்து, ஜெட் ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். என்னிடம் வந்த பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இதுதான்.

குவாட்_தாத்தா:
தம்பி, கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாடல் இல்லை, ஆண்டு இல்லை, "பழைய குவாட்" என்றால் உலகத்தில் கனக்கப் பழைய குவாட் இருக்கிறது. இதே மாதிரிக் கேள்விக்கு இங்கே எத்தனையோ தரம் பதில் எழுதியாயிற்று, தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

வாங்கப் போனபோது எஞ்சினைக் கையால் தொட்டுப் பார்த்தீர்களா? விற்கிறவன் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்த நோயும் தெரியாது. குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவேண்டும். முன் சில்லைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தீர்களா? பின் அச்சின் கியர் பெட்டி எண்ணெய் பால் மாதிரி இருந்ததா? அப்படியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வண்டியின் ஃபிரேமில் வெல்டிங் அடித்த இடம் உண்டா? இது ஒன்றும் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து அவசரம் என்றால் எப்படி.

பண்ணைக்குப் புதுசு:
மன்னிக்கவும். ஹோண்டா டிஆர்எக்ஸ் 300, நாலு சக்கரமும் இழுக்கும் வகை. 1998 என்று சொல்லி விற்றார். கார்புரேட்டர்தான். ஆஸ்திரேலியா, விக்டோரியாவில் லியோங்காதா பக்கம். எஞ்சினைத் தொட்டுப் பார்க்கவில்லை. மெல்ல மெல்லத்தான் சாகிறது. ஹேண்டில் வேறு ரொம்பக் கனமாக இருக்கிறது, அது சம்பந்தப்பட்டதா?

செல்வா ரொறன்ரோ:
சரி, இப்போது பேசலாம். நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறீர்கள். 282 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின், செயின் கிடையாது ஷாஃப்ட், ஐந்து கியர். 1988 முதல் 2000 வரை வந்த மாடல், இன்னும் பண்ணைகளில் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் கனம் வேறு விஷயம். அந்த வகையில் நாலு சக்கர இழுவையை அணைக்கவே முடியாது, எப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். பின் அச்சு ஒரே தண்டு, திரும்பும்போது இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் கனமாகத்தான் இருக்கும். டயர் காற்றையும் பாருங்கள். இதற்கு மிகக் குறைந்த காற்று போதும், சரியான அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். கார் கேஜ் அவ்வளவு குறைவாகக் காட்டாது, குவாட்டுக்கென்று விற்கிற கேஜ் வாங்குங்கள்.

வயரிங் வாசு:
ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அது மின்சாரம்தான். ஸ்பார்க் உண்டாக்கும் காயிலோ, அதற்கு நேரம் சொல்லும் பல்ஸ் காயிலோ சூட்டில் விரிந்து உள்ளே தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரில் ஆறியபோது அளந்தால் சரியாகவே காட்டி ஏமாற்றும், சூட்டோடு சூடாக அளக்க வேண்டும். கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள், நன்றாக இருப்பதைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

இரும்புக்கை:
காயில் போனால் பட்டென்று சாகும். அவர் மெல்லச் சாகிறது என்கிறார். பெட்ரோல் வராததன் அடையாளம் அது.

வயரிங் வாசு:
எல்லாக் காயிலும் பட்டென்று போகாது. முதலில் விட்டு விட்டு அடிக்கும், அது ஓட்டுபவருக்குத் திணறுகிற மாதிரிதான் இருக்கும்.

குவாட்_தாத்தா:
இரண்டு பேரும் வால்வை மறந்துவிட்டீர்கள். டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, இறுகியிருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்பிரஷன் (எஞ்சினுக்குள் அமுக்கும் அழுத்தம்) போய்விடும், ஆறினால் வரும். குளிர்ந்த எஞ்சினில் இரண்டு வால்வுக்கும் 0.08 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஒரு மணி நேர வேலை. பழைய வண்டி வாங்கினால் மற்றவர் என்ன செய்தார் என்று நம்பாமல் முதலில் அதைச் செய்யவேண்டும், பிறகு எண்ணெய் மாற்றவேண்டும். கார் எண்ணெய் ஊற்றாதீர்கள். இதில் எஞ்சின், கியர், கிளட்ச் எல்லாம் ஒரே எண்ணெயில் கிடக்கிறது. வழுக்கல் மருந்து கலந்த கார் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யும். 10W-40 மோட்டார்சைக்கிள் எண்ணெய் வாங்குங்கள்.

மலைச்சரிவு மலர்:
வண்டி ஏன் நிற்கிறது என்று எல்லோரும் பேசுகிறீர்கள், மேட்டில் நின்றபோது பின்னால் பையன் இருந்தான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லையே. நானும் அந்தப் பக்கம்தான், அந்தச் சரிவுகள் எனக்குத் தெரியும். குவாட்டின் சீட் நீளமாக இருப்பது இரண்டு பேர் உட்கார இல்லை. ஓட்டுகிறவர் மேடு ஏறும்போது முன்னால் நகரவும், இறங்கும்போது பின்னால் நகரவும், சரிவில் மேட்டுப்பக்கம் சாயவும்தான் அந்த நீளம். பின்னால் ஆள் இருந்தால் நீங்கள் நகர முடியாது, எடை எல்லாம் பின் அச்சில் விழுந்து முன் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரம் எஞ்சின் நின்று வண்டி பின்னோக்கி உருண்டால் தலைகீழாகக் கவிழும். பெரியவர்களுக்கான குவாட்டை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டவும் கூடாது. தயவுசெய்து இனிமேல் பையனை ஏற்றாதீர்கள். அப்புறம், வண்டி சரியாகும் வரை மேட்டுப்பக்கமே போகாதீர்கள் அண்ணா.

பின்னால் கவிழ்வுக் கம்பி (வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் காக்கப் பொருத்துவது) போட்டிருக்கிறதா? இல்லையென்றால் போடுங்கள். 2021 அக்டோபர் 11 முதல் இங்கே புதிதாக விற்கிற பண்ணை குவாட் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். உள்நாட்டிலேயே கைமாறும் பழைய வண்டிக்கு அந்தச் சட்டம் வராது, ஆனால் ஆபத்து ஒன்றுதான்.

இரும்புக்கை:
கம்பி விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். கவிழும்போது தூக்கி எறியப்பட்டால் தப்பிக்கலாம், கம்பி இருந்தால் அதுவே நம்மை அமுக்கும். ஹோண்டாவும் யமஹாவும் அந்தச் சட்டம் வந்ததும் ஆஸ்திரேலியாவில் பண்ணை குவாட் விற்பதையே நிறுத்திக்கொண்டார்கள். காரணம் இல்லாமலா?

மலைச்சரிவு மலர்:
அவர்கள் சொன்ன காரணம் எனக்கும் தெரியும். ஆனால் பண்ணைகளில் பெரும்பாலும் நடப்பது வேகத்தில் தூக்கி எறியப்படுவது இல்லை. மெல்லப் போகும்போது சரிவில் கவிழ்ந்து, கிட்டத்தட்ட 300 கிலோ வண்டி நெஞ்சின்மேல் விழுந்து, எழுப்ப ஆளில்லாமல் மூச்சு முட்டுவதுதான். கம்பி இருந்தால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கிறது. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த இடைவெளியில் ஊர்ந்து வெளியே வந்தவர். குவாட்பார், லைஃப்கார்ட் என்று இரண்டு வகை எளிதாகக் கிடைக்கிறது. லைஃப்கார்ட் வளைந்து கொடுக்கும் வளையம், மேலே விழுந்தாலும் நசுக்கும் வாய்ப்பு குறைவு.

இரும்புக்கை:
ஹெல்மெட்டும் பயிற்சியும்தான் முதல் பாதுகாப்பு. கம்பி மாட்டியதும் தைரியம் வந்து போகக்கூடாத சரிவில் போவார்கள்.

மலைச்சரிவு மலர்:
ஹெல்மெட் போட்டுக்கொண்டே கம்பியும் மாட்டலாமே. ஒன்றுக்காக இன்னொன்றை ஏன் விட வேண்டும்?

செல்வா ரொறன்ரோ:
இது முக்கியமான பேச்சு, ஆனால் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டவர் எங்கே? டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் மெயினில் இருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா? அதன் உள்ளே இருக்கும் சல்லடையை யாராவது கழற்றிப் பார்த்தார்களா?

கோவை ஒர்க்ஷாப்:
நான் குவாட் அதிகம் தொட்டதில்லை, பைக்தான். ஆனால் இது எங்களுக்குப் பழகிய நோய். கார்புரேட்டர், காயில், வால்வு என்று மூன்று பேர் மூன்று சொல்லியிருக்கிறீர்கள், மூன்றுமே ஆறினால் சரியாகிற மாதிரிதான் காட்டும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்பு, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பெட்ரோல் இல்லையா, ஸ்பார்க் இல்லையா என்று பிரித்துவிடுங்கள்.

வண்டியைச் சமதரையிலேயே நிற்கும்வரை ஓட்டுங்கள். நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள், காதைக் கிட்டே வைத்து. உஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் அது ஏர் லாக், வேறு எதுவும் பார்க்க வேண்டாம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலிருந்து காற்று வர வேண்டும், வரவில்லை என்றால் பெட்ரோல் இறங்காது. கொஞ்ச நேரம் விட்டால் எங்கேயோ கசிந்து காற்று உள்ளே போகும், வண்டி ஸ்டார்ட் ஆகும். பழைய ஹோண்டா குவாட்களில் மூடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப் ஹேண்டில் பக்கம் போகும், அதுதான் மூச்சு வழி.

சத்தம் வரவில்லை என்றால், எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு டப்பாவில் பிடியுங்கள், சைலன்சர் மேல் சொட்டாமல். பெட்ரோல் நன்றாக ஊற்றினால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில் இல்லை, வாசு சொல்வதைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்து நின்றால் காக், சல்லடை, டியூப்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் பட்டது. விற்றவர் இடத்தில் நன்றாக ஓடியது, டேங்க் நிறைத்தபின் தொல்லை. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று இருக்கும் இடம் குறைவு, கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே இழுவிசை வந்துவிடும். பாதி டேங்கில் ஒரு ரவுண்டு ஓட்டினால் தெரியவே தெரியாது.

வயரிங் வாசு:
நல்ல சோதனை. ஏர் லாக்காக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனாலும் மூடியைத் திறந்து பார்த்தபின் ஸ்பார்க்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுவேன். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, தள்ளிவைத்துவிட்டு மட்டும்.

குவாட்_தாத்தா:
மூடியைப் பார்ப்பது சரி, அது காசில்லாத சோதனை. ஆனால் டேப்பட்டை விட்டுவிடாதீர்கள்.

செல்வா ரொறன்ரோ:
தம்பி, இருக்கிறீர்களா? சோதனை செய்தீர்களா?

மலைச்சரிவு மலர்:
மழை கொட்டுகிறது இங்கே, குட்டிகளைப் பார்க்கப் போயிருப்பார்.

பண்ணைக்குப் புதுசு:
தாமதத்துக்கு மன்னிக்கவும், குட்டிகள். மூடியைத் திறந்ததும் உஸ்ஸ் என்று நன்றாகவே கேட்டது. டியூபின் மறுமுனையை உருவிப் பார்த்தால் வாயில் காய்ந்த மண், உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது, சுரண்டியபோது செத்த சிலந்திகளும் வந்தன. ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். மத்தியானம் முழுக்க ஓடியது, நிற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி, கோவை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி. பையனை இனி ஏற்றுவதில்லை.

கோவை ஒர்க்ஷாப்:
மகிழ்ச்சி தம்பி. டியூபில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். நுனியை முழுக்க அடைக்காமல் மெல்லிய கம்பி வலைத் துண்டு சுற்றிக் கட்டினால் குளவி மறுபடி வராது. டேங்குக்குள் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

குவாட்_தாத்தா:
ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த மாடலில் முன் பிறேக் டிரம், டிஸ்க் இல்லை. சேறும் தண்ணீரும் உள்ளே போய் வீல் சிலிண்டர் இறுகிப்போவது அதன் பெரிய பலவீனம். சரிவில் பிறேக் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டியைத் திருப்பிவிடும். முன் சில்லு இரண்டையும் தூக்கி, கையால் சுற்றி, பிறேக் பிடித்துப் பாருங்கள். ஒன்று சுற்றினால் டிரம்மைத் திறக்கவேண்டும். பிறேக் ஷூ நனைந்திருந்தால் தண்ணீர் தடுக்கும் ரப்பர் சீல்களையும் மாற்றுங்கள். திறந்து பார்த்து எழுதுங்கள், பாகங்களை நான் சொல்கிறேன்.

மலைச்சரிவு மலர்:
கம்பி என்ன முடிவு செய்தீர்கள் அண்ணா? லியோங்காதா பக்கம் மாட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார், தேவையென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

தோட்டக்காரன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் யமஹா, அதுவும் இதேபோல் நின்றுவிடுகிறது, ஆனால் மூடியைத் திறந்தால் சத்தம் இல்லை. என்ன செய்யலாம்?

செல்வா ரொறன்ரோ:
தனி இழை திறங்கள். மாடல், ஆண்டு, நிற்கும் விதம், எந்த ஊர், இதுவரை என்ன மாற்றினீர்கள், எல்லாம் முதல் வரியிலேயே எழுதுங்கள்.